ராத்திரி ட்யூட்டி: 36 மணி நேரம் யார் போட்ட கணக்கு?

சில வாரங்களுக்கு முன் நண்பன் ஒருவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனுடைய அக்கா ஹவுஸ் சர்ஜன். முந்தின நாள் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவர், அன்று சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் வீடு திரும்பினார். அம்மா தட்டில் சோறு போட்டுவிட்டு ரசம் எடுத்து வர உள்ளே போனார். அந்த இடைவெளியில் அக்கா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். எழுப்பினால், "பதினாலாம் பெட்டுக்கு பிபி பார்த்தாச்சு சிஸ்டர்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏன்டா தம்பி, நீ சட்டமெல்லாம் படிக்கிறியே. ஃபேக்டரில வேலை பார்க்கிறவங்களுக்கு இத்தனை மணி நேரம்னு கணக்கு இருக்குல்ல? எங்களுக்கு யாருடா இந்தக் கணக்கைப் போட்டது?"

எங்கள் தொழிற்சட்டப் பாடத்தில் தொழிற்சாலைகள் சட்டம் உண்டு. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பை அது 1948-லேயே வைத்தது. அக்காவின் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அதனால் தேடிப் படித்தேன். நான் படித்ததில் பெரும்பகுதி அமெரிக்காவைப் பற்றியது. இளம் டாக்டர்களின் ராத்திரி வேலையைப் பற்றி நீதிமன்றம், அரசாங்கம், ஆராய்ச்சி என்று மூன்று இடத்திலும் நாற்பது வருடமாகச் சண்டை நடந்த ஊர் அது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்தவர்கள்

பயிற்சியில் இருக்கும் டாக்டரை அமெரிக்காவில் 'ரெசிடென்ட்' என்பார்கள். முதல் வருடத்தில் இருப்பவருக்கு 'இன்டர்ன்' என்று பெயர். ரெசிடென்ட் என்றால் நேர் அர்த்தம் 'குடியிருப்பவர்'. ஒரு காலத்தில் அவர்கள் நிஜமாகவே ஆஸ்பத்திரிக்குள்தான் குடியிருந்தார்கள்.

பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889-ல் திறந்தது. மருத்துவப் பிரிவுக்கு வில்லியம் ஆஸ்லர் தலைவர். அறுவைச் சிகிச்சைக்கு வில்லியம் ஹால்ஸ்டெட். அதற்கு முன் அமெரிக்காவில் பல பேர் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டே டாக்டர் ஆகிவிட முடியும். நோயாளியைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட பல கல்லூரிகளில் இல்லை. இவர்கள் இருவரும் ஜெர்மனியில் இருந்த பயிற்சி முறையைப் பார்த்துவிட்டு, படித்து முடித்தவர்கள் மருத்துவமனையிலேயே தங்கி, நோயாளிகளுக்கு நடுவில் இருந்து தொழில் கற்கட்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். அது பெரிய முன்னேற்றம், அதில் சந்தேகமே இல்லை. இன்று உலகம் முழுவதும் டாக்டர்கள் உருவாகும் விதத்துக்கு அங்கேதான் ஒரு வேர் இருக்கிறது.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. தங்க இடமும் சாப்பாடும் ஆஸ்பத்திரி கொடுக்கும், கையில் வரும் பணம் பெயருக்குத்தான். கல்யாணம் செய்துகொள்வதை யாரும் விரும்பவில்லை. ஹால்ஸ்டெட்டின் முறை கோபுரம் போல. கீழே பல பேர் சேருவார்கள், மேலே போகப் போக வடிகட்டப்பட்டு, உச்சியில் தலைமை ரெசிடென்ட் என்று ஒருவர்தான் நிற்பார். பயிற்சி எத்தனை வருடம் என்பதற்கும் கணக்குக் கிடையாது. தயாராகிவிட்டார் என்று ஹால்ஸ்டெட் நினைக்கும்போது முடியும்.

ஹால்ஸ்டெட் சாதாரண ஆள் இல்லை. அறுவைச் சிகிச்சையில் ரப்பர் கையுறை பழக்கத்துக்கு வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவருக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. 1884-ல் கொக்கெய்னைத் தடவினால் கண் மரத்துப்போகும் என்று ஐரோப்பாவில் கண்டுபிடித்தார்கள். அதை ஊசி மூலம் செலுத்தி நரம்பை மரத்துப்போகச் செய்ய முடியுமா என்று ஹால்ஸ்டெட்டும் நண்பர்களும் தங்கள் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார்கள். சோதனை வெற்றி, சோதித்தவர்கள் அடிமை. சிகிச்சைக்குப் போன இடத்தில் மார்பின் பழக்கமும் ஒட்டிக்கொண்டது. இதை ஆஸ்லர் ரகசியமாக எழுதி வைத்திருந்தார். அந்தக் குறிப்பு வெளியே வந்தது 1969-ல்!

இணையத்தில் இதைப் பற்றித் தேடினால், "கொக்கெய்ன் போட்டுக்கொண்டு தூங்காமல் இருந்த ஒருவர்தான் உலகத்து டாக்டர்களை எல்லாம் தூங்க விடாமல் செய்துவிட்டார்" என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு அது சரியாகப் படவில்லை. ஹாப்கின்ஸில் ஹால்ஸ்டெட் ராப்பகலாக வார்டிலேயே கிடந்தவர் இல்லை. மாதக்கணக்கில் ஊரில் இல்லாத காலமும் உண்டு. அப்போதெல்லாம் வேலையைப் பார்த்துக்கொண்டவர்கள் ரெசிடென்ட்கள்தான். அதாவது நமக்கு வந்து சேர்ந்த வழக்கம் வெறும் நீளமான ட்யூட்டி மட்டும் இல்லை. பெரியவர் இல்லாத நேரத்தில் சின்னவர் சமாளித்துக்கொள்ள வேண்டும் என்பதும் சேர்ந்தே வந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வார்டு மாறியது, கடிகாரம் மாறவில்லை

1889-ல் ராத்திரி ட்யூட்டி என்றால் என்னவாக இருந்திருக்கும்? ஆன்டிபயாடிக் இல்லை, தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லை, மூச்சு விட வைக்கும் இயந்திரம் இல்லை. நோயாளிகள் வாரக்கணக்கில் படுத்திருப்பார்கள். பக்கத்துக் கட்டடத்தில் தூங்கும் டாக்டரை அவசரம் என்றால் எழுப்புவார்கள். எழுப்பினாலும் அவர் செய்யக் கூடியது குறைவு.

நூறு வருடம் கழித்து நிலைமை வேறு. நள்ளிரவில் ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஒன்றோடொன்று மோதக்கூடிய நூற்றுக்கணக்கான மருந்துகள். 1965-ல் முதியவர்களுக்கு மெடிகேர் என்ற அரசு காப்பீடு வந்தது. பயிற்சி டாக்டர்களுக்கு ஆகும் செலவில் ஒரு பங்கையும் அது மருத்துவமனைகளுக்குக் கொடுத்தது. 1983-ல் மெடிகேர் பணம் கொடுக்கும் முறை மாறியது. எத்தனை நாள் படுத்திருந்தார் என்று பார்க்காமல், இன்ன நோய்க்கு இவ்வளவு என்று நிலையான தொகை. அப்படியானால் நோயாளியைச் சீக்கிரம் அனுப்பினால்தானே மருத்துவமனைக்கு மிச்சம்? கொஞ்சம் தேறியவர்கள் வீட்டுக்குப் போய்விட, வார்டில் மிஞ்சுகிறவர்கள் எல்லோரும் நிஜமாகவே முடியாதவர்கள். ராத்திரியும் பகல் மாதிரியே ஆகிவிட்டது. ட்யூட்டி நேரம் மட்டும் பழையபடியே நீண்டது. வாரத்துக்கு 100 மணி நேரம், ஒரே மூச்சில் 36 மணி நேரம் என்பதெல்லாம் சாதாரணம்.

இங்கே ஒரு காஸ்டிங் விஷயம். ரெசிடென்ட்டுக்கு நிலையான சம்பளம். 60 மணி நேரம் வேலை பார்த்தாலும் 110 மணி நேரம் பார்த்தாலும் அதே தொகை. கூடுதலாக ஒரு மணி நேரம் வேலை வாங்க நிர்வாகத்துக்கு ஆகும் செலவு பூஜ்யம். பூஜ்ய விலையில் கிடைக்கும் பொருளை யாராவது சிக்கனமாகச் செலவு செய்வார்களா? "நாங்களும் இப்படித்தான் கற்றுக்கொண்டோம்" என்று மூத்த டாக்டர்கள் சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்த வார்த்தை நிர்வாகத்துக்கு ரொம்ப வசதியாக இருந்தது என்பதும் பொய் இல்லை.

யாரும் எதிர்க்கவில்லையா என்றால், எதிர்த்தார்கள். 1975-ல் நியூயார்க்கில் இன்டர்ன்களும் ரெசிடென்ட்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கியமான கோரிக்கையே ட்யூட்டி நேரம்தான். கொஞ்சம் பலன் கிடைத்தது. நாடு முழுக்க எதுவும் மாறவில்லை. அதற்கு ஒரு சாவு தேவைப்பட்டது.

1984 மார்ச் 4, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி

லிபி ஜயன் என்ற பெண்ணுக்கு 18 வயது. கல்லூரியில் முதல் வருடம். காய்ச்சல், உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது, பதற்றமாக இருக்கிறாள் என்று பெற்றோர் அவளை நியூயார்க் ஹாஸ்பிடலுக்குக் கூட்டிப் போனார்கள். நகரத்தின் பெயர் பெற்ற மருத்துவமனைகளில் ஒன்று அது. அவள் மன அழுத்தத்துக்கு ஃபெனெல்சின் என்ற மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் படிப்பு முடித்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகாத இன்டர்ன். இன்னொருவர் அவருக்கு ஒரு வருடம் மூத்த ரெசிடென்ட். வைரஸ் காய்ச்சலாக இருக்கலாம் என்று நினைத்தார்கள். குடும்ப டாக்டரிடம் போனில் பேசினார்கள். அவர் நேரில் வரவில்லை. உடம்பு நடுக்கத்தை நிறுத்த பெத்திடின் ஊசி போட்டார்கள். நம் ஊரிலும் வலிக்குப் போடும் ஊசிதான் அது. ஆனால் ஃபெனெல்சின் சாப்பிடுகிறவர்களுக்கு அதைப் போடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் உடம்பு சூடு கட்டுப்பாடில்லாமல் ஏறும். இன்று மருத்துவ மாணவர்கள் இதைப் பாடமாகப் படிக்கிறார்கள். அன்று இது அனுபவம் உள்ள பல டாக்டர்களுக்கே தெரிந்திருக்கவில்லை.

பின்னிரவில் மூத்தவர் எதிர்க் கட்டடத்துக்குத் தூங்கப் போனார், தேவைப்பட்டால் பேஜரில் கூப்பிடலாம். அன்று இன்டர்ன் பொறுப்பில் ஏறக்குறைய நாற்பது நோயாளிகள் இருந்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கப் போனார். லிபியின் பதற்றம் அதிகமானது, கட்டிலில் இருந்து இறங்கப் பார்த்தாள். நர்ஸ்கள் இன்டர்னைக் கூப்பிட்டார்கள். அவளைக் கட்டி வைக்கச் சொல்லியும், அமைதிப்படுத்தும் ஊசி ஒன்று போடச் சொல்லியும் போனிலேயே உத்தரவு வந்தது. இன்டர்ன் திரும்பி வந்து பார்க்கவில்லை. விடியற்காலையில் அவள் உடம்புச் சூடு 107 டிகிரி. குளிர்விக்கப் பார்த்தார்கள். இதயம் நின்றுவிட்டது. மருத்துவமனைக்குள் வந்து எட்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு அந்த இன்டர்ன் மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. நாற்பது பேர், ஒரு போன், ராத்திரி மூன்று மணி, உதவிக்கு இருப்பவர் வெறும் ஒரு வருடம் மூத்தவர். அந்த இடத்தில் நண்பனின் அக்காவை வைத்துப் பார்த்தேன். வேண்டாம்.

அப்பாவின் பேனா

லிபியின் அப்பா சிட்னி ஜயன் பத்திரிகையாளர். அதற்கு முன் அரசு வழக்கறிஞராகவும் இருந்தவர். மகள் ஏன் செத்தாள் என்று விசாரிக்கத் தொடங்கியவர், பயிற்சி டாக்டர்களின் வேலை நேரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு அதிர்ந்துபோனார். எழுதினார், எழுத வைத்தார், அதிகாரிகளை விடாமல் துரத்தினார். இது ஒரு ஏழைத் தொழிலாளியின் மகளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி எனக்கு வராமல் இல்லை. பேனாவும் தொடர்புகளும் உள்ள அப்பா என்பதால்தான் இந்தச் சாவு செய்தி ஆனது.

மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் விஷயத்தை கிராண்ட் ஜூரி முன் வைத்தார். 1986 கடைசியில் அவர்கள் அறிக்கை கொடுத்தார்கள். டாக்டர்கள் மேல் கிரிமினல் குற்றம் சுமத்தவில்லை. மாறாக, அனுபவம் இல்லாதவர்களைப் போதிய மேற்பார்வை இல்லாமல் நீண்ட நேரம் வேலை பார்க்க விடும் ஏற்பாட்டையே குறை சொன்னார்கள். தனி ஆளைப் பார்க்காமல் அமைப்பைப் பார்த்தது என்ற வகையில் அது பெரிய விஷயம்.

நஷ்டஈட்டு வழக்கு பத்து வருடம் இழுத்தது. 1995-ல் ஜூரி தீர்ப்பு சொன்னது. டாக்டர்கள் மேல் பாதிப் பழி, கொக்கெய்ன் பழக்கத்தை மறைத்தாள் என்று லிபி மேல் பாதிப் பழி. குடும்பத்துக்கு 3,75,000 டாலர். அவள் அதைப் பயன்படுத்தினாளா என்பதைக் குடும்பம் கடைசி வரை மறுத்தது. இப்படி இரண்டு பக்கத்துக்கும் திருப்தி இல்லாமல் வழக்கு முடிந்தது. ஆனால் அதற்கு முன்பே சட்டம் மாறிவிட்டது.

80 என்ற எண் வந்த கதை

கிராண்ட் ஜூரி அறிக்கைக்குப் பிறகு நியூயார்க் மாநிலம் ஒரு குழுவை அமைத்தது. தலைவர் பெர்ட்ரண்ட் பெல் என்ற மருத்துவப் பேராசிரியர். அந்தக் குழுவின் பரிந்துரைகளின்படி 1989-ல் விதி வந்தது. வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஒரே தொடர்ச்சியாக 24 மணி நேரத்துக்கு மேல் கூடாது. இரவும் பகலும் அனுபவம் உள்ள டாக்டர்களின் மேற்பார்வை இருக்க வேண்டும்.

இந்த 80 எங்கிருந்து வந்தது? நான் பெரிய ஆராய்ச்சி ஏதோ இருக்கும் என்று நினைத்தேன். பெல் பின்னால் எழுதியதைப் பார்த்தால், அது ஒரு துண்டுத்தாள் கணக்கு! வாரத்தில் 168 மணி நேரம். ஐந்து நாள், தினம் பத்து மணி நேரம் என்றால் 50. மீதி 118. நான்கு ராத்திரிக்கு ஒரு ராத்திரி ட்யூட்டி என்று வைத்தால் 118-ஐ நான்கால் வகுக்க வேண்டும், சுமார் 30. 50-ம் 30-ம் சேர்ந்தால் 80. அவ்வளவுதான். பழைய கணக்கு ஹாப்கின்ஸ் வழக்கத்தில் இருந்து வந்தது, புதிய கணக்கு இப்படி வந்தது. அக்காவின் கேள்விக்கு இதுதான் நேர் பதில்.

இதைவிட முக்கியமான விஷயம் வேறு. பெல்லுக்கே 80 என்ற எண் பெரிதாகப் படவில்லை. மேற்பார்வைதான் உயிரைக் காப்பாற்றும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். லிபியின் கதையில் கேட்க வேண்டிய கேள்வி, இன்டர்ன் எத்தனை மணி நேரம் விழித்திருந்தார் என்பது மட்டும் இல்லை. அவரோடு யார் இருந்தார்கள்? அவர் ஏன் தனியாக இருந்தார்? ஆனால் ஊர் முழுக்கப் பேசியது எண்ணைப் பற்றித்தான். 80 என்றால் தலைப்புச் செய்தியில் போடலாம். மணி நேரத்தைப் பதிவேட்டில் எழுதலாம், கூட்டலாம், சரி பார்க்கலாம். ராத்திரி மூன்று மணிக்கு ஒரு பெரிய டாக்டர் படுக்கையில் இருந்து எழுந்து வந்து நின்றாரா என்பதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

அந்த எண்ணையாவது கடைப்பிடித்தார்களா? 1998-ல் மாநில அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் 12 மருத்துவமனைகளில் நுழைந்து சோதித்தபோது, விதி பரவலாக மீறப்படுவது தெரிந்தது. விதி வந்து அப்போது ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

2002-ல் சில ரெசிடென்ட்கள் வேறு வழியில் போனார்கள். மருத்துவமனைகள் எல்லாம் ஒன்றுகூடி, யாருக்கு எங்கே இடம் என்று ஒதுக்கும் முறையை வைத்துக்கொண்டு சம்பளத்தை அமுக்குகின்றன, இது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று வழக்குப் போட்டார்கள். 2004-ல் அமெரிக்க காங்கிரஸ் அந்த ஒதுக்கீட்டு முறைக்குப் போட்டிச் சட்டத்தில் இருந்து விலக்குக் கொடுத்துவிட்டது. அந்த விலக்கைச் சேர்த்தது எந்தச் சட்டத்தில் தெரியுமா? ஓய்வூதிய நிதி பற்றிய ஒரு சட்டத்தில்!

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

தூக்கம் கெட்டால் தப்பு வரும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டுமா என்று கேட்பீர்கள். டாக்டர்கள் கேட்டார்கள், அதனால் செய்தார்கள். 1971-லேயே ஒரு சின்ன ஆய்வில், தூங்காத இன்டர்ன்கள் இசிஜி படிக்கும்போது தூங்கியவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தப்பு செய்தார்கள். 24 மணி நேரம் விழித்திருப்பவரின் கைத்திறன், ரத்தத்தில் 0.10 சதவீதம் ஆல்கஹால் உள்ளவருடையதற்குச் சமம் என்று 1997-ல் ஒரு ஆய்வு சொன்னது. நம் ஊரில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம்தான். 2004-ல் பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு சோதனை நடந்தது. 24 மணி நேரத்துக்கு மேல் நீளும் பழைய முறையில், ட்யூட்டியை 16 மணி நேரமாகக் குறைத்த முறையைவிட, இன்டர்ன்களின் பெரிய தவறுகள் 36 சதவீதம் அதிகம். 2005-ல் வந்த இன்னொரு ஆய்வு: நீண்ட ட்யூட்டி முடித்து வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகும் இன்டர்ன் விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். அதாவது ஆபத்து நோயாளிக்கு மட்டும் இல்லை.

2003-ல் 80 மணி நேர வரம்பு நாடு முழுக்க வந்தது. 2011-ல் முதல் வருட டாக்டருக்கு ஒரே தொடர்ச்சியாக 16 மணி நேரம்தான் என்று இன்னும் இறுக்கினார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று இங்கேயே கதையை முடித்திருக்கலாம். ஆனால் முடியவில்லை.

ட்யூட்டியைக் குறைத்தால் என்ன ஆகும்? ஆள் மாறுவது அதிகமாகும். ஒருவர் நோயாளியை இன்னொருவரிடம் ஒப்படைக்கும்போது ஏதாவது ஒன்று சொல்ல விட்டுப்போகும். நம் வீட்டில் கேஸ் அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாலே என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியும். 2016-ல் அறுவைச் சிகிச்சைப் பயிற்சியில் பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, கடுமையான நேர வரம்பு இருந்த இடங்களிலும் தளர்த்திய இடங்களிலும் நோயாளிகளின் நிலையில் வித்தியாசம் தெரியவில்லை. 2017-ல் அந்த 16 மணி நேர வரம்பை எடுத்துவிட்டார்கள். முதல் வருடத்தவர்களும் மறுபடி 24 மணி நேரம், அதற்கு மேல் ஒப்படைக்க 4 மணி நேரம் என்று ஆனது. 80 மட்டும் அப்படியே நின்றது.

அப்படியானால் தூங்கினாலும் தூங்காவிட்டாலும் ஒன்றுதானா? இல்லை. 2020-ல் வந்த ஆய்வைப் பார்க்க வேண்டும். ஆறு மருத்துவமனைகளில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நீண்ட ட்யூட்டியை ஒழித்துப் பார்த்தார்கள். பெரிய தவறுகள் குறையவில்லை, மொத்தத்தில் கூடின! ஏன் என்று துருவியபோது ஒரு விஷயம் தெரிந்தது. நேரத்தைக் குறைத்தார்கள், ஆளைப் போதிய அளவு கூட்டவில்லை. அதனால் ஒரு டாக்டர் பார்க்க வேண்டிய நோயாளிகளின் எண்ணிக்கை ஏறிவிட்டது. அந்த எண்ணிக்கையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்ததும் வித்தியாசம் மறைந்துவிட்டது. ட்யூட்டியில் குறைத்த மணி நேரங்களுக்கான விலையை நிர்வாகம் கொடுக்கவில்லை, நோயாளிதான் கொடுத்தார். பற்று ஒரு பக்கம் குறைந்தால் இன்னொரு பக்கம் ஏறத்தானே வேண்டும்?

நம்பிக்கை தரும் ஆய்வும் ஒன்று உண்டு. 2014-ல் ஒன்பது மருத்துவமனைகளில், ட்யூட்டி மாறும்போது நோயாளியைப் பற்றி எதை, எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று ஒரு ஒழுங்கு வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். கேட்டுக்கொண்டவர் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன. புது இயந்திரம் இல்லை, புது மருந்து இல்லை. ஒழுங்காகப் பேசியதுதான்.

நம் பக்கம்

நம் நாட்டில் இதற்கு விதியே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். இருக்கிறது. 1992-ல் மத்திய சுகாதார அமைச்சகம் ரெசிடென்ட் டாக்டர்களுக்கான நெறிமுறை ஒன்றை அனுப்பியது. தொடர் வேலை சாதாரணமாக ஒரு நாளில் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம், அவசரத் தேவைக்கு உட்பட்டது என்று அதில் இருக்கிறது. தாளில் பார்த்தால் அமெரிக்காவைவிடக் கருணையான விதி! அந்தக் கடைசி வார்த்தையில்தான் எல்லாம் கரைந்துபோனது. நம் ஆஸ்பத்திரிகளில் எந்த ராத்திரி அவசரம் இல்லாத ராத்திரி?

2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் நீண்ட ட்யூட்டிக்கு நடுவே, ஓய்வெடுக்கத் தனி அறை இல்லாமல் கருத்தரங்கு அறைக்குப் போன ஒரு பயிற்சி டாக்டர் கொல்லப்பட்டார். அது ஒரு கொடூரமான குற்றம், அதை வேலை நேரப் பிரச்சினையாகச் சுருக்கக் கூடாது. ஆனால் உச்ச நீதிமன்றம் தானாக அந்த வழக்கை எடுத்தபோது, பயிற்சி டாக்டர்கள் 36 மணி நேரம் தொடர்ந்து வேலை பார்ப்பதும், ஓய்வறைகூட இல்லாததும் அங்கேயும் பேச்சுக்கு வந்தன. பாதுகாப்புக்கும் பணிச் சூழலுக்கும் தேசிய அளவில் பணிக்குழு அமைக்கப்பட்டது. இங்கேயும் பேசத் தொடங்க ஒரு சாவு தேவைப்பட்டிருக்கிறது.

நான் மருத்துவம் படிக்கிறவன் இல்லை. 24 சரியா, 16 சரியா என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒரு செலவைக் கணக்குப் புத்தகத்தில் எழுதாவிட்டால் அந்தச் செலவு இல்லை என்று ஆகிவிடாது என்பதை முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ராத்திரி வார்டை நடத்த ஆள் வேண்டும், மேற்பார்வைக்குப் பெரியவர் வேண்டும், படுக்க ஒரு கட்டில் வேண்டும். இதற்கெல்லாம் பணம் ஆகும். அந்தப் பணத்தைக் கொடுக்காமல் நூறு வருடமாக இளம் டாக்டரின் தூக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். சில ராத்திரிகளில் நோயாளியின் உயிரில்.

எழுதி முடித்ததை அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். முழுக்கப் படித்தார். ட்யூட்டிக்கு முந்தின நாள் என்பதால் தூங்கவில்லை :-)

"மணி நேரம் குறைஞ்சா நல்லதுதான்டா," என்றார். "ஆனா நீ எழுதின அந்த இன்டர்னுக்குத் தெரியாதது அந்த மருந்து மட்டும் இல்ல. நடுராத்திரியில யாரை எழுப்பலாம், எழுப்பினா திட்டு விழுமா விழாதான்னும் தெரிஞ்சிருக்காது. எனக்கும் முதல் மாசம் தெரியாது. திட்டு விழும்னு பயந்து ஒரு தடவை போன் பண்ணாமலே இருந்துட்டேன். அந்தப் பாட்டி பிழைச்சுக்கிட்டாங்க."

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு அவருக்கு மறுபடியும் ட்யூட்டி.